முத்திரைச் சுகிர்தனின் தங்கை

அந்த மின்னஞ்சலைத் திறந்தபோது கஜந்தி காலைச் சாப்பாட்டில் இருந்தாள். ஒரு கையில் சம்பல் தொட்ட பாண், மறு கையில் கைப்பேசி. பல்கலைக்கழகம் விடுமுறை. ஓர்ஸ் ஹில் வீட்டுக் குசினி மேசையில், யாரும் அவசரப்படுத்தாத ஓர் ஆகஸ்ட் மாதக் காலை.

எழுதியவள் எலெனி என்ற கிரேக்கப் பெண். ஏதென்ஸில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்பவள். கஜந்தியை அவளுக்கு எழுத்தில் மட்டும்தான் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயக் கடற்படையில் இருந்த அதிகாரி ஒருவரின் கடிதங்களை அவருடைய குடும்பம் தன்னிடம் ஒப்படைத்திருப்பதாக எழுதியிருந்தாள். அவர் போருக்கு முன்பு இஸ்தான்புல் கடைத்தெருவில் பழைய ஈய முத்திரைகளை வாங்கிச் சேர்த்தவர். 1944இல் திருகோணமலையில் பணியாற்றியவர். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதமொன்றோடு, தன்னிடமிருந்த பதினொரு முத்திரைகளையும் வெள்ளைத் துணியில் பரப்பிப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

"இரண்டாவது வரிசையில் மூன்றாவதாக இருப்பதைப் பாருங்கள்," என்று எலெனி முடித்திருந்தாள். "என் கண் தவறியிருக்கலாம். படமும் அவ்வளவு தெளிவில்லை. இந்த விடயத்தில் உங்களை விட அறிந்தவர் இல்லை. நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்."

கஜந்தி படத்தைத் திறந்தாள். இரண்டாவது வரிசை, மூன்றாவது. அரை விநாடிதான். பாணைத் தட்டில் வைத்ததும் கை கழுவியதும் பிறகு அவளுக்கு நினைவில்லை. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் காண யாரும் கண்ணாடி தேடுவதில்லை. வலது மேல் ஓரம் பிறை போல உடைந்திருந்தது. பேரரசரின் உருவம் அச்சில் இடப்பக்கம் சரிந்து விழுந்து, ஒரு தோள் தட்டுக்கு வெளியே போயிருந்தது. கீழே நூல் கோத்த துளையிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு. கையால் அடித்த முத்திரைகளில் ஒன்றைப் போல் இன்னொன்று விழாது. ஒரே அச்சில் அடித்தாலும் சரிவு மாறும், உடைவு மாறும். அதை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான்.

அது அவளுடைய முத்திரை. 2003ஆம் ஆண்டு கொட்டியார்க் குடாவின் அடியில், இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்துச் சேற்றிலிருந்து அவளுடைய அண்ணன் சுகிர்தன் எடுத்து வந்த முத்திரை. கடலுக்கு அடியில் ஆயிரத்து முன்னூறு வருடம் கிடந்த அந்தப் பொருள், 1944இல் ஓர் ஆங்கிலேயரின் வெள்ளைத் துணியில் எப்படிக் கிடக்கும்?

மேசையில் இருந்தபடியே படத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். இருபது வயதிலிருந்து வாசித்துவரும் கிரேக்க எழுத்துகள் அன்றைக்கு வெறும் கோடுகளாகத் தெரிந்தன. ஒன்றுமே வாசிக்க முடியவில்லை.

ஒரு முத்திரைக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கஜந்தி கிளிவெட்டியில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரை விட்டு ஓடி வந்து, திருகோணமலையில் பாடசாலை விடுதியில் நின்று படித்தாள். அங்கே யாரோ நன்கொடையாகக் கொடுத்த, முன்னட்டை இல்லாத வரலாற்றுப் புத்தகம் ஒன்றில், கொன்ஸ்தாந்திநோபிள் நகரம் எதிரிக் கப்பல் நுழையாதபடி துறைமுக வாயிலில் இரும்புச் சங்கிலி கட்டியிருந்ததை வாசித்தாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு அது கதை. அவளுக்கு அது தெரிந்த ஊர். வெளியே சோதனைச் சாவடி, உள்ளே துறைமுகம், போவதற்கும் வருவதற்கும் அனுமதி. ஆயிரம் வருடம் முற்றுகைக்குள்ளேயே சமைத்து, சண்டை பிடித்து, கலியாணம் கட்டி வாழ்ந்த அந்த மக்கள் எப்படி இருந்தார்கள் என்று அறியும் ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்குப் போனதும், குருமார் படிக்கும் பழைய கிரேக்க இலக்கண நூலொன்றைப் பிரதியெடுத்துத் தானாகவே படித்தாள். விடுதி அறைத் தோழி, கிண்ணியாவைச் சேர்ந்த ஷாமிலா, "இந்தப் பாஷையில கதைக்க உமக்கு ஊரில ஆர் இருக்கினம்?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போனபோது அந்தச் சிரிப்பு வேறு வடிவத்தில் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. ஒருவர் சொன்னார்: "பைசாந்தியத்துக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு? ஒரு சான்று காட்டுங்கோ. இல்லாட்டித் தலைப்பை மாத்துங்கோ." மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். கஜந்தி வீட்டுக்கு வந்து, புத்தகங்களைக் கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு அழுதாள்.

சுகிர்தன் அவளுக்கு நான்கு வயது மூத்தவன். சுழியோடி. கடலில் மூழ்கிய பழைய கப்பல்களிலிருந்து இரும்பும் பித்தளையும் ஏற்றும் முதலாளி ஒருவரிடம் வேலை. அவள் அழுது ஐந்தாறு வாரம் கழித்து, பங்குனி மாதம் ஒருநாள் மத்தியானம், ஈரத் தலையோடு வந்து அவளுடைய உள்ளங்கையில் ஒரு ஈயத் தட்டை வைத்தான். "இதிலை உன்ர எழுத்து இருக்குது போல," என்றான்.

இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் சுங்கம் வாங்கிய ஒரு பைசாந்திய அதிகாரியின் முத்திரை. சரக்கு மூட்டையில் கயிற்றோடு சேர்த்து அடிப்பது. அந்தக் காலத்துக்கு முன்பே எகிப்து அரபியரிடம் போய்விட்டது. அதன் பிறகு பைசாந்தியச் சரக்கு இந்து சமுத்திரத்துக்கு வரவில்லை என்றுதான் எல்லா நூல்களும் சொல்லின. இந்த ஒரு முத்திரை, வந்தது என்று சொன்னது.

குழு தலைப்பை ஏற்றது. கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. பிரித்தானியாவில் புலமைப்பரிசில், கலாநிதிப் பட்டம், திரும்பி வந்து விரிவுரையாளர் பதவி, பத்துப் பன்னிரண்டு நாடுகளில் மாநாடு என்று எல்லாம் அந்த உள்ளங்கைக்குள் அடங்கும் ஈயத்தின் மேலே எழுந்தன. இப்போது ஐம்பது வயதில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு நான்கு வாரம் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. முத்திரை கிடைத்த சில வாரங்களில் அவள் அண்ணனிடம் கேட்டிருந்தாள்: "அண்ணா, அதே இடத்திலை எனக்காக இன்னொருக்காப் பாருங்கோ. ஒண்டு கிடந்தால் இன்னும் கிடக்கும்." வைகாசியில் சுகிர்தன் ஒரே நாளில் மூன்றாம் தடவை இறங்கினான். வேகமாக மேலே ஏறியதில் இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் அடைத்து, படகிலேயே இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. பிறகு அவன் எழுந்து நடக்கவில்லை. தங்கையின் ஆய்வுக்காகக் கால்களைக் கொடுத்த அண்ணன் என்று பத்திரிகைகள் எழுதின. பாடசாலை விழாக்களுக்கு அழைத்தார்கள். ஊரில் அவனுக்கு 'முத்திரைச் சுகிர்தன்' என்றே பெயர் விழுந்தது. கஜந்தி தன்னுடைய ஆய்வேட்டை அவனுக்குக் காணிக்கையாக்கினாள். இருபத்தொரு வருடமாக அவனுடைய சக்கர நாற்காலியின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றில் ஏதோ பிடித்து இழுக்கும்.

இந்த அண்ணனிடம்தான் அவள் அன்றைக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனாள். மேட்டிலிருந்து இறங்கினால் ஐந்து நிமிட நடை.

சுகிர்தன் முன்னறையில், மீன்பிடிப் படகுகளின் திசைகாட்டும் கருவியொன்றைப் பிரித்துப் போட்டுப் பற்றாசு வைத்துக் கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தான். விபத்துக்குப் பிறகு பழகிய தொழில்.

"என்ன கஜி, விடிய வெள்ளன?"

"அண்ணா, இதைப் பாருங்கோ. நாப்பத்திநாலாம் ஆண்டு எடுத்த படமாம்."

அவன் கண்ணில் மாட்டியிருந்த உருப்பெருக்கியைக் கழற்றினான். படத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டிப் பற்றாசுக் கோலின் மின்னாளியை அணைத்தான்.

"தகரத்தோடை சேர்த்துப் படம் எடுக்கேல்லையோ?" என்று கேட்டான்.

கஜந்தி கைப்பேசியைத் திருப்பி வாங்கினாள். "எந்தத் தகரம்?"

"சிகரெட் தகரம். வட்டமானது. அதுக்குள்ளைதான் எல்லாம் கிடந்தது."

அவள் கதிரையைத் தேடி உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்க்காமல், பிரித்துப் போட்ட கருவியைப் பார்த்தபடி சொன்னான். அந்த வருடம் வாடைக்காலத்தில் கடல் மூடியிருந்ததால் சுழியோடிகளுக்கு வேலையில்லை. மேட்டில், உலகப் போரின்போது கடற்படை அதிகாரிகள் இருந்த பழைய வெள்ளைக்காரன் வீடொன்றின் கூரையைப் பிரிக்கக் கூலிக்குப் போனான். சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில் ஒரு தகரம் செருகிக் கிடந்தது. திறந்தால் ஈயத் தட்டுகள். எழுத்தைப் பார்த்ததும் தங்கையின் கொப்பி நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் களவு என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தில் மடிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"பிறகு நீ வந்து அழுதாய். இலங்கையிலை கிடைச்ச சான்று ஒண்டு வேணும் எண்டாய். இதுவும் இலங்கையிலை கிடைச்சதுதானே எண்டு நினைச்சன்."

"கடலிலை எண்டு சொன்னீங்களே!"

"கூரைக்குள்ளை எண்டு சொன்னால் ஆர் வீடு, ஆரிட்டைக் கேட்டு எடுத்தனீ எண்டு வரும். கடலுக்குச் சொந்தக்காரன் இல்லை."

"இருபது பாகம் எண்டு சொன்னீங்கள். சேறு எண்டு சொன்னீங்கள். வலக்கையாலை தடவேக்கை தட்டுப்பட்டது எண்டு சொன்னீங்கள்."

"நீ ஒவ்வொண்டாக் கேட்டாய்," என்றான் சுகிர்தன். "நான் ஒவ்வொண்டாச் சொன்னன்."

கஜந்தி எழுந்து வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். தன்னுடைய கட்டுரை, தன்னுடைய புத்தகம், அச்சில் கிடக்கும் அடுத்த புத்தகம் எல்லாம் மனதில் வரவேண்டிய நேரம். வந்தது அது இல்லை.

"அப்ப வைகாசியிலை?" என்று கேட்டாள். "நான் அதே இடத்திலை இன்னொருக்காத் தேடச் சொன்னனான். அதுக்குத்தானே இறங்கினீங்கள்?"

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"இல்லாததை எங்கை போய்த் தேடுறது, பிள்ளை? அண்டைக்கு முதலாளிக்குப் பித்தளைக் கப்பல் விசிறி ஒண்டு ஏத்த வேண்டியிருந்தது. கயிறு கட்டப் போனனான். கயிறு நழுவிப் போச்சு. மூண்டாந்தரம் இறங்கினது என்ர விசர்."

"எனக்காக இல்லை?"

"உனக்காக இல்லை."

குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு அவனுடைய மனைவி கீர்த்தனி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தட்டை நிலத்தில் வைத்தாள். "எனக்கும் தங்கச்சிக்காக எண்டுதானே சொன்னீங்கள்," என்றாள். "பேப்பரிலை உங்கடை கதையை வாசிச்சுப்போட்டுத்தானே வீட்டிலை எல்லாரோடையும் சண்டை பிடிச்சு உங்களைக் கட்டினனான்."

சுகிர்தன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் இருபத்தொரு வருசமா அந்தக் காலைப் பாத்துப் பாத்துச் செத்துக்கொண்டிருக்கிறன்," என்றாள் கஜந்தி. "ஒருநாளாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் நினைச்சன். ஆஸ்பத்திரியிலை நீ வந்து, என்னாலைதான் எண்டு விழுந்து விழுந்து அழுதாய். அடுத்த நாள் பேப்பர்க்காரன் வந்தான்." சக்கரத்தின் விளிம்பை விரலால் தடவினான். "பித்தளைக்குக் காலைக் குடுத்தவன் எண்டு சாகும்வரைக்கும் இருக்கிறதோ, தங்கச்சியின்ரை படிப்புக்குக் குடுத்தவன் எண்டு இருக்கிறதோ? நீயே சொல்லு. ரெண்டாவதைச் சொல்லிக்கொண்டு காலமை எழும்ப ஏலும். முதலாவதைச் சொல்லிக்கொண்டு ஏலாது."

கஜந்தி செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். பாதி மேடு ஏறிய பிறகுதான் தார் சுட்டது தெரிந்தது.

அடுத்த நாள் காலை பல்கலைக்கழகத்துக்குப் போனாள். ஷாமிலா இப்போது துறைத் தலைவர். முத்திரை வைத்திருந்த சிறு அருங்காட்சி அறையின் திறப்புக் கொத்து அவளிடம்தான் இருந்தது. இருவரும் முத்திரையை எடுத்து உருப்பெருக்காடியின் கீழ் வைத்தார்கள். பக்கத்தில் கணினித் திரையில் 1944ஆம் ஆண்டுப் படம். பிறை உடைவு, சரிந்த தோள், மயிரிழை வெடிப்பு. ஷாமிலா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இது ஆருக்கெல்லாம் தெரியும்?"

"அண்ணாவுக்கு, மச்சாளுக்கு, எனக்கு. இப்ப உமக்கு."

"அந்தக் கிரேக்கப் பிள்ளைக்கு?"

"அவவுக்குச் சந்தேகம்தான். என்னட்டைக் கேட்டு எழுதியிருக்கிறா."

ஷாமிலா முத்திரையை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். "நான் சொல்லப்போறது சரியில்லை கஜந்தி. எண்டாலும் உம்மடை கூட்டாளியாச் சொல்லுறன். படம் தெளிவில்லை எண்டு அவவே எழுதியிருக்கிறா. நீர் இல்லை எண்டால் இல்லைதான். உலகத்தில வேற ஆரும் வந்து பாக்கப்போறதில்லை. நேர்முகத்துக்கு இன்னும் எத்தினை நாள்?"

"இருபத்தாறு."

கஜந்தி அதை நினைத்துப் பார்க்காமல் இல்லை. முதல் நாள் முழுவதும் அதைத்தான் நினைத்தாள். ஒரு வரி போதும். ஆனால் பழைய கோப்பைத் தேடி எடுத்தபோது வேறொன்று அகப்பட்டது. அவளுடைய முதல் கட்டுரையைப் பரிசீலித்த பெயர் தெரியாத ஒருவர் 2004இல் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: உப்பு நீரில் இத்தனை நூற்றாண்டு கிடந்த ஈயத்தில் ஏன் அரிப்பே இல்லை? சிப்பி ஒட்டிய தடம்கூட இல்லையே? அதற்கு அவள் அரைப் பக்கம் பதில் எழுதியிருந்தாள். காற்றுப் புகாத சேறு பொருளைக் காக்கும் என்று, மூன்று மேற்கோள்களோடு. கெட்டிக்காரத்தனமான பதில். பரிசீலித்தவர் அடங்கிப் போனார். அவளும் அந்தக் கேள்வியை மறந்து போனாள்.

அதை ஷாமிலாவிடம் காட்டினாள். "பொய் சொன்னது அண்ணா," என்றாள். "அதுக்கு அடிக்குறிப்பு எழுதினது நான். கண்ணுக்கு முன்னாலை கிடந்தது ஷாமிலா. துடைச்சு வைச்ச மாதிரிக் கிடந்தது. நான் பாக்க விரும்பேல்லை."

ஷாமிலா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அதன் பிறகு வாதாடவில்லை. கஜந்தி அந்த மேசையிலேயே இருந்து எலெனிக்கு எழுதினாள். "நீங்கள் கண்டது சரி. இரண்டும் ஒன்றே. என் கட்டுரையின் அடிப்படை தவறு. ஆய்விதழுக்கு நானே அறிவிக்கிறேன்." அனுப்பிவிட்டுக் கணினியை மூடினாள். ஷாமிலா தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள்.

பதில் இரண்டு நாளில் வந்தது. நீங்கள் மறுப்பீர்கள் என்றுதான் எதிர்பார்த்தேன் என்று எலெனி எழுதியிருந்தாள். ஆய்விதழ் ஆசிரியரும் எழுதினார்: பொருள் கிடைத்த விதம் பற்றிக் கண்டெடுத்தவரின் கையெழுத்தோடு ஒரு வாக்குமூலம் வேண்டும். எலெனி இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தாள். படத்தில் பதினொன்று இருக்கின்றன. மிகுதிப் பத்தும் எங்கே?

அதைப் படித்ததும் கஜந்திக்கு அண்ணன் சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வந்தது. 'எல்லாம்' அதற்குள்தான் கிடந்தது என்று அண்ணன் சொன்னானே. அன்றைக்கு இருந்த நிலையில் அவள் அதைக் கேட்காமல் விட்டிருந்தாள். அவனோடு பேச மனம் வரவில்லை. கீர்த்தனியும் கோபித்துக்கொண்டு கிளிவெட்டியில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். கடைசியில் தொலைபேசியில் குறுஞ்செய்தியாக இரண்டு வரி அனுப்பினாள்: ஒரு வாக்குமூலம் வேண்டும். மற்றப் பத்தும் எங்கே?

பதில் வரவில்லை. நான்காம் நாள் பின்னேரம் வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டோக்காரர் சுகிர்தனைத் தூக்கி நாற்காலியில் இருத்திவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். சுகிர்தன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினான். சமாதான நீதவானின் முத்திரையும் கையெழுத்தும் இருந்தன.

கூரை வேலை, தகரம், கடல் என்று சொன்ன பொய் எல்லாம் அதில் இருந்தன. அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அவன் அதற்கு மேலும் எழுதியிருந்தான். "2003ஆம் ஆண்டு மே மாதம் எனது கால்கள் செயலிழந்தது பித்தளை ஏற்றும் கூலி வேலையின்போது ஆகும். எனது சகோதரியின் ஆய்வுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இது தொடர்பாகப் பத்திரிகைகளில் வந்தவை யாவும் நான் திருத்தாமல் விட்டவை."

கஜந்தி அந்த வரிகளை இரண்டு முறை வாசித்தாள்.

"இதை ஆரும் கேட்கேல்லையே அண்ணா."

"பாதியைச் சொல்லிப் பாதியை வைச்சிருக்கேலாது," என்றான். "நீதவான் வாசிச்சுப்போட்டு என்னை ஒரு மாதிரிப் பாத்தார். அவர் அதிபராயிருக்கிற பள்ளிக்கூடத்துக்கும் நான் ரெண்டு தரம் பேசப் போனனான்."

அவள் தாளின் கடைசிப் பந்திக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

"உருக்கினீங்களோ?"

"ஓம்."

"பத்தையும்?"

"ஒண்டு கடலிலை கிடைச்சதெண்டால் நம்புவினம். பதினொண்டு எண்டால் நேவியும் வரும், தொல்பொருள்காரரும் வருவினம். எனக்குப் பயம் வந்திட்டுது. கிண்ணியாவிலை ஒருத்தர் வலைக்கு ஈயக்குண்டு வேணும் எண்டு திரிஞ்சவர். சிரட்டைக் கரியிலை வைச்சு உருக்கி வாத்துக் குடுத்திட்டன். நல்ல ஈயம் எண்டு சொன்னவர்."

கஜந்தி நிலத்தில் உட்கார்ந்தாள். கட்டுரை போனபோதும், பதவி போகப்போகிறது என்று தெரிந்தபோதும் வராத சத்தம் ஒன்று அவளிடமிருந்து வந்தது. அழுகையா சிரிப்பா என்று ஓட்டோக்காரருக்கும் விளங்கவில்லை. அவர் வாசல்வரை ஓடி வந்தார். ஆயிரத்து முன்னூறு வருடம் தப்பி, படையெடுப்புகளிலும் தீயிலும் தப்பி, ஒரு வெள்ளைக்காரனின் தகரத்துக்குள் கப்பலேறித் தப்பி வந்தவை. சிரட்டைக் கரியில் கால் மணி நேரம்.

"அந்த வலை இப்ப எங்கை?"

"இருபது வருசத்துக்கு முந்தின வலை, பிள்ளை. இனி எங்கை?"

அவன் வெகுநேரம் இருந்தான். அவள் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. இருளுமுன் ஓட்டோக்காரர் வந்து அவனைத் தூக்கினார். ஏறும்போது அவன் சொன்னான்: "நீ என்னை ஏசலாம் கஜி. பேசாமல் மட்டும் இராதை."

நேர்முகத் தேர்வுக்கு அவள் போனாள். விண்ணப்பத்தை மீளப் பெறும்படி ஷாமிலா சொல்லியும் கேட்கவில்லை. ஐந்து பேர் இருந்த மேசையில், அவர்கள் எதையும் கேட்குமுன், ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தையும் வாக்குமூலத்தையும் ஆளுக்கொரு பிரதி வைத்தாள். அறையில் தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது. வாசித்து முடித்த மூத்தவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நீங்கள் தபாலிலை அனுப்பியிருக்கலாமே. ஏன் நேரை வந்தனீங்கள்?"

"முதல் தரம் ஒரு சான்று கேட்டு என்னை அனுப்பினது இந்த அறையிலைதான், சேர்," என்றாள் கஜந்தி. "கொண்டு வந்தது பிழையான சான்று. அதைத் திருப்பிக் குடுக்கவேணும்."

பதவி கிடைக்கவில்லை. அச்சில் கிடந்த புத்தகத்தைப் பதிப்பகம் நிறுத்தியது. கட்டுரை மீளப் பெறப்பட்டதாக ஆய்விதழ் அறிவித்தது. இருபது வருடமாக அவளை மேற்கோள் காட்டியவர்களில் சிலர் கடுமையாக எழுதினார்கள். சிலர் எழுதவே இல்லை. ஜேர்மனியில் இருந்து ஒரு முதிய ஆய்வாளர் மட்டும் இரண்டே வரி எழுதினார்: 2004இல் அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். உங்கள் பதிலை நம்பியதற்கு நானும் வெட்கப்படுகிறேன். அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் கஜந்திக்கு முதன்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

கீர்த்தனி பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. பாடசாலைகள் சுகிர்தனை அழைப்பதை விட்டன. படகுக்காரர் மட்டும் வழமைபோலக் கருவிகளைத் திருத்தக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு அவன் கை வேண்டும். கஜந்தி இரண்டு மாதம் கீழே இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினாள். முன்னறையில் நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது. வயிற்றில் ஒன்றும் இழுக்கவில்லை. அதுவே அவளைத் திடுக்கிட வைத்தது.

எலெனியும் அவளும் சேர்ந்து இப்போது வேறொரு கட்டுரை எழுதுகிறார்கள். அந்த அதிகாரியின் பதினொரு முத்திரைகளைப் பற்றியது. பத்துக்கு அந்த ஒரு படம் மட்டுமே மிச்சம். அதை வைத்து எழுத்தெழுத்தாக வாசிக்கிறார்கள். நான்கு அதிகாரிகளின் பெயர்கள் வேறெங்குமே கிடைக்காதவை. பழம்பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது அதன் கதை எப்படி மாறிப் போகிறது என்று கஜந்தி தனியாக ஒரு பகுதி எழுதினாள். அதில் சுகிர்தனின் வாக்குமூலம் முழுவதும் வருகிறது. அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பகுதியைத் தொலைபேசியில் அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

அவன் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு, "ஒண்டு பிழை," என்றான்.

"என்ன பிழை?"

"கூரையின்ரை கிழக்குப் பக்கம் எண்டு எழுதியிருக்கிறாய். மேற்குப் பக்கம். பின்னேர வெய்யில் முகத்திலை அடிச்சுக்கொண்டிருந்தது. எனக்கு வடிவாத் தெரியும்."

"நிச்சயமோ அண்ணா?"

"வேணுமெண்டால் வந்து பார். அந்த வீட்டின்ரை சுவர் இன்னும் நிக்குது. நான் வாறன், இடத்தைக் காட்டுறன்."

கஜந்தி அடுத்த நாள் காலை அளவுநாடாவையும் கமராவையும் எடுத்துக்கொண்டு, அண்ணனையும் ஏற்றிப் போக ஓட்டோவுக்குச் சொன்னாள்.